சண்முகானந்தா அரங்கம், மும்பை

மும்பையின் சயான் கிழக்கில், கிங்ஸ் சர்க்கிள் ரயில் நிலையத்துக்கும் காந்தி மார்க்கெட்டுக்கும் பக்கத்தில் உள்ள இசை, நடன, நாடக அரங்கம். ஸ்ரீ சண்முகானந்தா ஃபைன் ஆர்ட்ஸ் அண்ட் சங்கீத சபா இதை நடத்துகிறது. சபா 1952இல் தொடங்கப்பட்டது. அரங்கம் 1963இல் எழுந்தது. 1990இல் தீக்கு இரையானது. 1990களின் பிற்பாதியில் மறுபடி திறக்கப்பட்டது. காஞ்சி மகாசுவாமிகளின் நினைவாக இன்று அதன் முழுப்பெயர் ஸ்ரீ சண்முகானந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதி அரங்கம். ஆனால் டாக்சிக்காரர் முதல் டிக்கெட் விற்பவர் வரை எல்லோரும் சொல்வது சண்முகானந்தா ஹால். கீழ்த்தளமும் இரண்டு பால்கனிகளுமாக 2,763 பேர் அமரலாம். இந்தியாவின் மிகப் பெரிய கலையரங்குகளில் ஒன்று இது. அரசோ பெருநிறுவனமோ கட்டித் தந்ததல்ல. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள் சங்கம் சேர்ந்து எழுப்பியது. இதன் வரலாற்றைத் தனியாக எழுத வேண்டியதற்கு முதல் காரணமே அதுதான்.

மாட்டுங்காவின் பின்புலம்

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசலைக் குறைக்க 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அது தாதர், சயான், இரண்டுக்கும் நடுவே அரங்கத்தை ஒட்டியுள்ள மாட்டுங்கா ஆகிய பகுதிகளில் மனைகள் பிரித்து அகலத் தெருக்கள் போட்டது. அங்கே எழுந்த அடுக்குவீடுகளுக்கு 1920களிலும் 30களிலும் தென்னிந்தியக் குடும்பங்கள் வந்தன. ஆங்கிலமும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, ரயில்வே, வங்கி, வணிக நிறுவனங்களில் குமாஸ்தாவாகவும் கணக்கராகவும் சேர்ந்தவர்கள் இவர்கள். பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்துப் பிராமணக் குடும்பங்கள் இவர்களில் அதிகம்.

வந்தவர்கள் முதலில் கட்டியது கோயிலும் பஜனை மடமும்தான். ஆஸ்திக சமாஜமும் சவுத் இந்தியன் பஜன சமாஜமும் 1920களிலேயே மாட்டுங்காவில் இயங்கத் தொடங்கிவிட்டன. அடுத்து வந்தது பள்ளிக்கூடம்: 1932இல் எம்.வி. வெங்கடேஸ்வரன் தொடங்கிய சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி. பிறகு மெஸ், உணவகம், பூக்கடை. பரதநாட்டியமும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. திருவிடைமருதூர் நட்டுவனார் மரபில் வந்த குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் 1945இல் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலா மந்திரைத் தொடங்கினார்கள். குஜராத்தி, மராத்தி வீட்டுப் பெண்களும் அடவு பழகியது அங்கே. கச்சேரிகள் மட்டும் பந்தலிலும் பள்ளிக்கூட மண்டபத்திலும் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்திலும் நடந்துகொண்டிருந்தன.

சபாவும் அரங்கமும்

சபா என்ற அமைப்புமுறை சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேர்விட்டது. ஆண்டுச் சந்தா கட்டியவர் உறுப்பினர். மாதாமாதம் கச்சேரி, நாடகம், நாட்டியம் பார்க்கும் உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. மராத்தி நாடக உலகம் இதற்கு நேர் எதிர். அங்கே ஒவ்வொரு காட்சிக்கும் டிக்கெட் விற்றாக வேண்டும். ஓடும் நாடகம் ஓடும், ஓடாதது மூன்றாம் காட்சியோடு நின்றுவிடும். சந்தா முறையில் கூட்டம் சேராத கலைஞருக்கும் இடம் உண்டு. இருபது வயது வாய்ப்பாட்டுக்காரரையும் வீணை வித்துவானையும் நம்பி மேடையேற்ற முடிகிறதென்றால் அதற்கு இந்த முறைதான் காரணம். 1952இல் சண்முகானந்தா சபாவைத் தொடங்கியவர்கள் இந்த வழக்கத்தைத்தான் பம்பாய்க்குக் கொண்டுவந்தார்கள்.

பதினோராண்டுகளில் சொந்த அரங்கம் எழுந்தது. அதன் அளவு இன்று நினைத்தாலும் வியப்பளிக்கிறது. சென்னை மியூசிக் அகாடமியின் அரங்கம் திறக்கப்பட்டது 1962இல். அதில் ஏறக்குறைய 1,600 பேர் உட்காரலாம். அடுத்த ஆண்டே, தமிழ்நாட்டுக்கு வெகுதொலைவில், அதைவிட ஆயிரம் இருக்கைகளுக்கு மேல் கூடுதலாகக் கொண்ட அரங்கத்தைப் பம்பாயின் தென்னிந்தியர்கள் திறந்துவிட்டார்கள். நாரிமன் பாயிண்டில் டாடா தியேட்டர் வந்தது 1980இல்தான். நகரத்தின் பெரும் பணக்காரர்களின் ஆதரவோடு கலை மாளிகை எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, குமாஸ்தாக்களும் கணக்கர்களும் குடியிருந்த தெருக்களுக்கு நடுவே அதைவிடப் பெரிய மேடை நின்றது.

இந்தப் பெரிய அளவு அரங்கத்தின் பலம், பலவீனமும் அதுவே. கர்நாடக இசை நெருங்கி உட்கார்ந்து கேட்பதற்கானது. தம்புராவின் சுருதியும் வீணையின் கமகமும் இரண்டாம் பால்கனிக்குப் போய்ச் சேர மைக்கை நம்பித்தான் ஆக வேண்டும். நாட்டியத்தில் கண் அசைவு அத்தனை தூரத்தில் தெரியாது. ஆனால் அரங்கம் உயிரோடிருக்க வழி செய்ததும் அதே அளவுதான். ஃபிலிம்ஃபேர் விருது விழாக்கள், இந்தித் திரையிசை இரவுகள், இந்துஸ்தானிக் கச்சேரிகள், பள்ளி ஆண்டுவிழாக்கள், நிறுவனக் கூட்டங்கள், கட்சி மாநாடுகள் எல்லாமே இங்கே நடந்தன. பெரிய நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விட முடிகிற அரங்கம் கையில் இருந்தால், சின்னக் கச்சேரியின் நஷ்டத்தைத் தாங்கலாம். சந்தா மட்டும் வைத்து இந்த அளவுக் கட்டடத்தைக் காப்பது நடக்காத காரியம்.

1966க்குப் பின்

மகாராஷ்டிரம் தனி மாநிலமானது 1960 மே 1இல். அதே ஆண்டு பால் தாக்கரே தொடங்கிய மார்மிக் வார இதழ், நிறுவனங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966 ஜூன் 19இல் அவருடைய சிவசேனா கட்சி பிறந்தது. குமாஸ்தா வேலைகளைத் தென்னிந்தியர் பறித்துக்கொண்டார்கள் என்பதே அதன் முதல் முழக்கம். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. வேட்டி கட்டியவரைத் தெருவில் கேலி பேசுவது சகஜமாயிற்று. அரங்கம் திறந்து அப்போது மூன்றாண்டுகள்தான் ஆகியிருந்தன.

அந்த ஆண்டுகளில் சபாவுக்குப் போவது வெறும் பொழுதுபோக்கு இல்லை. வேலை செய்யும் இடத்தில் அந்நியன் என்று சுட்டப்பட்டவர், மாலையில் தன் மொழி கேட்கும் இடத்தில் இரண்டரை மணி நேரம் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பேச்சு தொடங்கியது அங்கே. ஊரிலிருந்து வந்த பையனுக்கு வேலை விசாரித்தது அங்கே. சென்னையிலிருந்து வந்த நாடகக் குழுவின் வசனத்துக்குச் சிரித்து ஊர் நினைப்பைத் தீர்த்துக்கொண்டதும் அங்கேதான்.

காலம் திரும்பியதையும் இங்கே பதிய வேண்டும். சிவசேனா இரண்டாகப் பிரிந்த பிறகு, 2023இல் உத்தவ் தாக்கரே அணி கட்சியின் 57ஆம் நிறுவன நாளைக் கொண்டாடியது சண்முகானந்தா அரங்கத்தில்தான். வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டிய மேடை நகரத்தின் பொதுச்சொத்தாகிவிட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. கதவைத் தமிழருக்கும் மலையாளிக்கும் மட்டும் திறந்து வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

பாடசாலை

சபாவின் சங்கீத வித்யாலயாவில் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் முதலியவை கற்பிக்கப்படுகின்றன. அரங்கத்தின் மேடையைவிட இந்த வகுப்பறைகளின் பயன் நீண்டகாலத்துக்குரியது என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. இங்கே கற்பித்த டி.ஆர். பாலாமணியிடம் பயின்றவர்களில் பாம்பே ஜெயஸ்ரீயும் சங்கர் மகாதேவனும் உண்டு. ஜெயஸ்ரீ 2023இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். மகாதேவன் மும்பையின் செம்பூரில் பிறந்து இந்தித் திரையிசையின் முன்னணிக்கு வந்தார்.

வித்யாலயாவுக்கு வெளியிலும் அதே காற்று வீசியது. பாம்பே சகோதரிகள் சரோஜாவும் லலிதாவும் மாட்டுங்காவில் பள்ளிப்படிப்பு படித்து எச்.ஏ.எஸ். மணியிடம் பாடம் கேட்டவர்கள். மணியும் அவர் மனைவி அலமேலுவும் பெற்ற பிள்ளை பாடகர் ஹரிஹரன். அருணா சாய்ராம் மும்பையில் வளர்ந்தவர், டி. பிருந்தா அங்கே வந்து தங்கிக் கற்றுக்கொடுத்தார். இந்தத் தலைமுறையின் குரலில் இந்துஸ்தானி, கஜல், அபங்கம் ஆகியவற்றின் பழக்கம் கேட்கிறது. மயிலாப்பூரில் வளர்ந்திருந்தால் இத்தனை இயல்பாக அது வந்திருக்காது.

சண்முகா என்ற காலாண்டிதழையும் சபா வெளியிட்டு வந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியதன் ஐம்பதாம் ஆண்டும் அவருடைய பிறந்தநாள் நூற்றாண்டும் 2016இல் ஒன்றாக வந்தன. அப்போது நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் அவர் வாழ்வைப் பற்றிய கண்காட்சியை நடத்தியது சண்முகானந்தா சபா. அவர் பெயரால் இளங்கலைஞர்களுக்கு உதவித்தொகையும் வழங்குகிறது. இசைக்கு வெளியே, குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் உள்ளிட்ட மருத்துவ உதவியும் சபாவின் பணிகளில் ஒன்று.

தீ

1990இல் அரங்கம் எரிந்தது. பல ஆண்டுகள் கிங்ஸ் சர்க்கிளில் விளக்கு எரியவில்லை. அரங்கம் இல்லாத சபாக்கள் மெல்லக் கலைந்துபோவதுதான் வழக்கம்: உறுப்பினர் சந்தாவை நிறுத்துவார், குழந்தைகள் வேறு பழக்கத்துக்குப் போவார்கள். அதிலும் அது வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் புதிய அலைவரிசைகள் நுழைந்த காலம். அப்படியும் சபா நிலைத்து நின்றது. அரங்கத்தைத் திரும்பக் கட்டியது. 1963இல் கட்டியவர்களின் துணிச்சலுக்குச் சற்றும் குறையாதது இந்த இரண்டாம் கட்டுமானம்.

புறநகருக்குப் பரவல்

மாட்டுங்காவில் வீட்டு விலை ஏற ஏற, அடுத்த தலைமுறை ரயில் பாதையோடு வெளியே நகர்ந்தது. செம்பூரில் 1962இலேயே ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி தொடங்கப்பட்டது. அதன் சிவசாமி அரங்கம் அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இரண்டாவது வீடு. சென்ட்ரல் லைனில் முலுண்ட், டோம்பிவிலி, கல்யாண், உல்லாஸ்நகர், அம்பர்நாத் என்று தமிழர் பரவினார்கள்.

இந்த வரிசையில் உல்லாஸ்நகர் தனித்துச் சொல்லத்தக்கது. பிரிவினையின்போது சிந்திலிருந்து வந்த அகதிகள் கல்யாண் ராணுவ முகாமில் குடியேற்றப்பட்டார்கள். 1949 ஆகஸ்ட் 8இல் அந்த முகாமுக்கு உல்லாஸ்நகர் என்று பெயரிட்டு அடிக்கல் நாட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. சிந்தி மக்கள் வேரூன்றிய அந்த ஊரில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. ஆனால் அங்கிருந்து சபாவுக்கு வருவதென்றால் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஃபாஸ்ட் லோக்கல் சயானில் நிற்காது. குர்லாவில் இறங்கி ஸ்லோ வண்டி பிடிக்க வேண்டும். ஆறரை மணிக் கச்சேரிக்கு நான்கரைக்கே கிளம்பினால்தான் உண்டு. தாளவாத்தியக்காரர்களின் தனி ஆவர்த்தனத்தின்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்து போகிறவர்களைச் சென்னை விமர்சகர்கள் ரசனையற்றவர்கள் என்று எழுதுவதுண்டு. மும்பையில் எழுந்து போகிறவர் பெரும்பாலும் ரயிலுக்காகப் போகிறார். அத்தனை தூரம் வந்து கேட்டவர் அவர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கல்யாணில் ஆச்சார்ய அத்ரே ரங்கமந்திரும் டோம்பிவிலியில் சாவித்ரிபாய் புலே கலாமந்திரும் வந்துவிட்டன. இரண்டும் மாநகராட்சி நாடக அரங்குகள். தமிழ் நிகழ்ச்சிகள் அங்கும் நடக்கலாம். ஆனால் சந்தா கட்டி, பாடசாலை வைத்து, ஒரு சமூகம் தானே நடத்தும் அமைப்புக்கு அவை ஈடாகா.

தாராவி

சண்முகானந்தா அரங்கத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் பிற கூலி வேலைக்கும் வந்த தமிழர்கள் அங்கே நூறாண்டுக்கு மேலாக வாழ்கிறார்கள். தமிழ் பேசும் கூட்டம் மாட்டுங்காவைவிட அங்கே அடர்த்தி. ஆனால் சபாவின் வரலாற்றில் தாராவித் தமிழரின் பங்கு மிகச் சிறியது. சாதியும் சந்தாவும் சேர்ந்து வரைந்த கோடு அது. இதைச் சொல்லாமல் அரங்கத்தின் கதையைப் பெருமையாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

தாராவி தன் மேடையைத் தெருவிலேயே அமைத்துக்கொண்டது. 90 அடி சாலையில் பொங்கலன்று பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவதைப் பார்க்க நகரமே வருகிறது. கணபதி விழாவிலும் அம்மன் கொடையிலும் தெருமுனைப் பந்தல்தான் அரங்கம். புதிய தலைமுறை ராப் இசையை எடுத்துக்கொண்டது. தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழு, பா. ரஞ்சித்தின் காலா படத்துப் பாடல்களில் 2018இல் பங்கேற்றது. கலைக்குப் பஞ்சமில்லை, கூரையுள்ள மேடைக்குத்தான் பஞ்சம்.

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலத்தை அதானி குழுமம் வென்றது. வீடு எத்தனை சதுர அடி, தகுதியுள்ளவர் யார் என்ற சண்டையே இன்று முதன்மையானது, அது நியாயமும்கூட. அந்தக் கோரிக்கைகளோடு, ஒலியமைப்பு செம்மையாக உள்ள ஓர் அரங்கமும் அதை ஒட்டிய பாடசாலையும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். தாராவி மக்களே அதை நடத்த வேண்டும் என்றும் கேட்க வேண்டும். மும்பைத் தமிழ் அமைப்புகள், முதலில் சண்முகானந்தாவும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸும், இதைத் தங்கள் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.