தண்ணீர் சிப்பும் நன்னீர்க் கிணறும்: ஃபால்அவுட் இரசிகர்கள் கேட்டதும் கேட்காததும்

கேம் விளையாடும்போது தாகம் எடுக்க வேணும் என்று யாராவது கேட்பார்களா? கேட்டார்கள். பசி வேணும், நித்திரை வேணும், துவக்கு ரவைக்கும் பாரம் வேணும் என்றெல்லாம் கேட்டார்கள். அணுகுண்டுப் போரில் அழிந்துபோன உலகைக் காட்டும் ‘ஃபால்அவுட்’ வரிசையை உருவாக்கியவர்கள் கம்பனிக்காரர் மட்டுமில்லை, “இதையும் சேருங்கோ” என்று விடாமல் கேட்ட இரசிகர்களும்தான். அந்தக் கோரிக்கைகளின் வரலாற்றை நாங்கள் புங்குடுதீவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க விரும்புகிறோம். காரணம் எளியது. அந்தக் கேமின் முதல் பிரச்சினையும் இந்தத் தீவின் பழைய பிரச்சினையும் ஒன்றுதான்: குடிக்கத் தண்ணி இல்லை.

1997 இல் இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்ட முதல் ஃபால்அவுட்டில், நிலத்துக்கடியில் சனம் ஒளிந்து வாழும் 13ஆம் இலக்க வால்ட்டின் தண்ணீர் சிப் பழுதாகிவிடும். 150 நாளுக்குள் புதிய சிப் ஒன்றைத் தேடிக் கொண்டுவர வேண்டும். ஹப் என்ற ஊரில் இருக்கும் தண்ணீர் வியாபாரிகளுக்குக் காசு கொடுத்து வால்ட்டுக்குத் தண்ணி அனுப்பினால் இன்னும் 100 நாள் கிடைக்கும். பவுசரில் தண்ணி வரும்வரை வாளியோடு காத்திருந்த தீவுப்பகுதிச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. புங்குடுதீவில் பெரும்பாலான கிணறுகள் உவர். நல்ல தண்ணிக் கிணறு எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்த விசயம்.

அந்தக் கேமில் சிப் கிடைத்த பிறகும் இன்னொரு காலக்கெடு இருந்தது. விளையாடியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. உலகத்தை ஆறுதலாகச் சுற்றிப் பார்க்க விடுங்கோ என்றார்கள். பின்னர் வந்த திருத்தப் பதிப்பு அந்தக் கெடுவை நடைமுறையில் இல்லாமல் ஆக்கியது. தண்ணிக்கான 150 நாள் மட்டும் அப்படியே இருந்தது.

2008 இல் பெதஸ்தா நிறுவனத்தின் ஃபால்அவுட் 3 வந்தது. இதிலும் தண்ணிதான் மையம். வாஷிங்டன் பக்கத்து ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் திட்டத்துக்காகக் கதாநாயகன் போராடுவான். திட்டம் நிறைவேறும் இடத்தில் கேம் முடிந்துவிடும். “முடிஞ்சபிறகும் விளையாட விடுங்கோ” என்று இரசிகர்கள் சத்தம் போட்டார்கள். 2009 இல் வந்த ‘புரோக்கன் ஸ்டீல்’ என்ற சேர்க்கை அதைச் செய்தது. சுத்தமான தண்ணி வந்த பிறகு அதை ஊர் ஊராய்க் கொண்டுபோவது யார், வழியில் பறிப்பது யார், அதை வைத்து ஏமாற்றுவது யார் என்ற கதைகளும் அதோடு சேர்ந்து வந்தன. இரசிகர்கள் கேட்டது கூடுதல் நேரம். கூடவே பங்கீட்டுப் பிரச்சினையும் வந்து சேர்ந்தது.

பசியும் தாகமும் அடுத்து வந்தன. ஃபால்அவுட் 3 இற்கு இரசிகர்களே அப்படியான மொட்களைச் செய்து வைத்திருந்தார்கள். 2010 இல் ஒப்சிடியன் நிறுவனம் செய்த ‘நியூ வேகஸ்’ தன் ஹார்ட்கோர் முறையில் பசி, தாகம், நித்திரை மூன்றையும் வைத்தது, ரவைக்கும் பாரம் வந்தது. 2015 இல் ஃபால்அவுட் 4 குடியேற்றங்களைக் கட்டும் வசதியைத் தந்தது. 2018 இல் ஃபால்அவுட் 76 வந்தபோது உயிரோடு கதைக்கிற மனிசர் ஒருவரும் அதில் இல்லை, மற்ற வீரர்கள் மட்டும்தான். “ஆக்கள் வேணும்” என்ற குரல் பெருகி, 2020 ஏப்ரலில் ‘வேஸ்ட்லாண்டர்ஸ்’ என்ற சேர்க்கை மனிதப் பாத்திரங்களைக் கொண்டுவந்தது.

தாகம், வீடு, மனிசர். எல்லாம் கேட்டுக் கிடைத்துவிட்டது. இனி என்ன மிச்சம்?

மிச்சமானதைப் புங்குடுதீவின் வரலாறு சொல்கிறது. இந்தத் தீவில் பிறந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971 இல் ஒரு கிணற்றுக்காகப் போராடினார். கண்ணகி அம்மன் கோவிலடி நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதி மக்களும் தண்ணி அள்ள வேண்டும் என்பதே கோரிக்கை. பொலிசார் அவரைத் தாக்கினார்கள், சிறையில் அடைத்தார்கள். 1973 இல், நாற்பது வயதைத் தொடும் முன்னரே இறந்துபோனார். அங்கே தண்ணி இருந்தது. அள்ளும் உரிமை எல்லாருக்கும் இருக்கவில்லை. அதுக்குக் குண்டு விழத் தேவையில்லை, உலகம் அழியத் தேவையில்லை.

ஃபால்அவுட் 4 இல் நீங்கள் ஒரு தண்ணிப் பம்பைப் பொருத்தினால் திரையில் ஒரு எண் கூடும். பத்துப் பேருக்குப் பத்து அலகு தண்ணி என்றால் எல்லாருக்கும் போதும். கணக்கு சரி. ஆனால் அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் சேர்ந்து மற்ற இரண்டு பேரைக் கிணற்றடிக்கு வரக்கூடாது என்று சொல்லும் வசதி அந்தக் கணக்கில் இல்லை. ‘நியூ வேகஸ்’ மட்டும் இதற்குக் கொஞ்சம் கிட்ட வந்தது. வெஸ்ட்சைட் என்ற ஏழைக் குடியிருப்புக்குக் களவாகத் தண்ணி திருப்பப்படுவதையும், அதைத் துப்பறியப் போனவன் கொல்லப்பட்டதையும் நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். காட்டிக்கொடுப்பதா, பேசாமல் விடுவதா என்பது உங்கள் தெரிவு. அதுவும் ஒரு கிளைக்கதைதான்.

இரண்டாவது மிச்சம், வெறும் வீடு. இந்தக் கேம்களில் வெறும் வீடு என்றால் அள்ளிக்கொண்டு போகலாம். ஆள் இருக்கும் வீட்டில் ஒரு பொருளைத் தொட்டால் ‘களவு’ என்று சிவப்பில் காட்டும், ஆளில்லாத வீட்டில் காட்டாது. குண்டு விழுந்தது 2077 இல், ஃபால்அவுட் 3 நடப்பது 2277 இல். 200 வருசத்துக்குப் பிறகு சொந்தக்காரர் யார் வரப்போகிறார்? ஃபால்அவுட் 4 இன் நாயகன் உறைநிலையில் கிடந்து எழும்பித் தன் பழைய ஒழுங்கைக்கே திரும்பி வருகிறான். வந்து என்ன செய்யலாம்? அயலவரின் இடிந்த வீட்டைப் பிரித்து இரும்பும் மரமும் எடுக்கலாம்.

1991 இல் இராணுவ நடவடிக்கையோடு புங்குடுதீவுச் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. வன்னிக்கு, கொழும்புக்கு, பிறகு பாரிசுக்கு, ரொறன்ரோவுக்கு. கூரையும் கதவும் போன வீடுகளுக்குள் மரம் முளைத்தது. ஆனால் அந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள், உறுதி வைத்திருக்கிறார்கள், கோவில் திருவிழாவுக்கு வருகிறார்கள். ஆளில்லாத வீடும் ஆருமில்லாத வீடும் ஒன்றில்லை. இலங்கைச் சட்டப்படி ஒருவர் ஒரு காணியைச் சொந்தக்காரருக்கு எதிராக 10 வருடம் தடையில்லாமல் ஆண்டால் உரிமை கோரலாம். போரால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட 2016 இல் ஒரு விசேட சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. திரும்பி வருவது சட்டப் புத்தகம்வரை போகிற விசயம்.

அதனால் இரசிகர்களின் நீண்ட பட்டியலில் எங்கள் பங்குக்கும் இரண்டு சேர்க்கிறோம். ஒன்று, கிணற்றுக்கு உரிமை வையுங்கோ: யார் அள்ளலாம், யார் தடுக்கிறார், தடுப்பவரோடு ஊர் நிற்குமா இல்லையா. இரண்டு, வெறும் வீட்டுக்குச் சொந்தக்காரரை வையுங்கோ. நீங்கள் கதவையும் வளையையும் கழற்றி உங்கள் குடியேற்றத்தைக் கட்டி முடித்து பல வருசத்துக்குப் பிறகு, ஒரு வயது போன மனிசி உறுதியோடு படலைக்கு வரட்டும். அவவுக்கு என்ன பதில் சொல்வது என்று விளையாடுகிறவர் யோசிக்கட்டும். எங்கட ஊர்களில் இன்னும் அதுக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறோம்.