'அவதாரம்' என்னும் சொல்லின் பொருள்நிலை

'அவ' என்னும் உபஸர்க்கமும் கடத்தற்பொருளதாகிய 'த்ரூ' என்னும் தாதுவும் கூடி 'அவதாரம்' என்னும் வடசொல் பிறந்தது. இறங்குதல் என்பதே அதன் பொருள். 'தீர்த்தம்' என்னும் சொல்லும் அத்தாதுவின் வழியே வந்ததாகும். ஆகவே நீர்த்துறையில் இறங்குமிடத்தையும் வடமொழியார் இச்சொல்லால் வழங்கினர்.

கீதையின் நாலாம் அத்யாயம் அவதார ரஹஸ்யத்தை வெளியிடுவதாயினும், அங்கு எம்பெருமான் தன் வருகையை 'ஜந்மம்' என்றே அருளிச்செய்கிறான். ஆழ்வார்களும் பிறத்தல், பிறவி என்னும் சொற்களையே பெரிதும் எடுத்தாண்டனர். பூர்வாசார்யர்கள் வியாக்யானங்களில் 'அவதரித்து' என்று உரைத்தது, நம் பிறவி கர்மத்தால் வருவது, அவன் பிறவி இச்சையால் வருவது என்னும் வாசி தோன்றுதற்கே. அப்பிறவி பொய்த்தோற்றமன்று, மெய்யே என்றும், அவன் தன் ஸ்வபாவத்தைக் கைவிடாமலே வருகிறான் என்றும் எம்பெருமானார் கீதாபாஷ்யத்தில் நிலைநாட்டினார். தன்னைக் காணாது தரிக்கமாட்டாத ஸாதுக்களுக்குக் காட்சி தருவதே அவ்விறக்கத்தின் பயன் என்பதும் அங்கே விளங்கும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கிலத்தில் புகுந்தது. பின்னர் ஒரு கருத்து உருப்பெற்று நிற்பதையும் அம்மொழியார் இதனால் குறித்தனர். பிரெஞ்சு மொழியில் உருமாற்றம் என்னும் பொருளே மேலோங்கிற்று. தியோஃபில் கோத்தியே 1856இல் 'அவதார்' என்று பெயரிட்ட கதையில், இருவருடைய ஆன்மாக்கள் உடல் மாறிப் புகுகின்றன. இன்று அம்மொழியில் இச்சொல் இன்னல், இடையூறு என்னும் பொருளிலும் வழங்குகிறது. கணினி விளையாட்டுகளிலோ, ஆடுபவன் தனக்காகத் திரையில் நிறுத்தும் உருவத்திற்கு இது பெயராயிற்று.

இவ்வழக்குகள் அனைத்திலும் உருவம் எஞ்சியது, இறக்கம் மறைந்தது. மேலிருப்பவன் தாழ வந்தான் என்னும் செய்தி அவற்றில் இல்லை. தமிழிலும் இன்று நடிகரொருவர் 'இயக்குநர் அவதாரம்' எடுத்தார் என்று எழுதுகின்றனர். புதிய வேடம் என்பதே அங்குப் பொருள்.

உலகவழக்கை விலக்குதல் நம்மால் இயலாது. அப்பொருளை வியாக்யானத்துள் ஏற்றாதிருத்தல் இயலும். 'அவதாரம்' என்பதை வேடமென்று கொண்டால், யசோதை கட்டிய கயிறும் அதற்குக் கட்டுண்டவன் எளிமையும் நாடகமாய் முடியும். அர்ச்சாவதாரம் என்பதும் வெறும் உருவமென்னும் அளவிற் சுருங்கும். ஸௌலப்யம் என்னும் குணம் நிற்பதற்கு இடம் இறக்கமே. ஆதலால் பூர்வர்களின் ஸ்ரீஸூக்திகளைக் கற்போர் இச்சொல்லின் தாதுப்பொருளை முதலில் நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும்.