கூட்டெரு நாறினால், மிளகாய் சுருண்டால்: சிறிய வளவில் தோட்டம் செய்வோருக்கு

போன மாரியில் எங்கள் வீட்டுக் கூட்டெருக் கிடங்கு குளமாகிவிட்டது. இரண்டடி ஆழத்தில் வெட்டி, மூன்று மாதமாகச் சேர்த்த குப்பை முழுவதும் ஐப்பசி மழையில் ஊறி, கூழ்முட்டை நாற்றம் அயல்வீடு வரை போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

வடக்கில் வீட்டுத்தோட்டம் செய்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இதுதான். காரணம் எளியது. குப்பையை உக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். நீர் நிறைந்தால் காற்றுப் போய்விடும். பிறகு வேலை செய்வது நாற்றத்தை உண்டாக்கும் வேறு வகை நுண்ணுயிர்கள். ஆகவே கோடையில் கிடங்கு, மாரியில் நிலத்துக்கு மேலே குவியல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கோடையில் கிடங்கு ஈரத்தைக் காக்கும். மாரியில் குவியலின் அடியில் பொச்சுமட்டையோ தடிகளோ பரப்பி, மேலே பழைய கிடுகோ தகரமோ போட்டால் போதும்.

அளவு முக்கியம். பச்சைக் கழிவு ஒரு கூடை என்றால் காய்ந்த சருகு மூன்று கூடை. சமையலறைக் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டு போனால் எந்தக் காலத்திலும் நாறும். ஒரு பிடியை எடுத்துப் பிழியுங்கள்: ஓரிரு துளி வந்தால் சரி, ஒழுகினால் சருகு போதாது, ஒன்றுமே வராவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாதக்கணக்கில் மாற்றமே இல்லாமல் கிடக்கும் குவியலுக்குப் பெரும்பாலும் ஈரமோ பச்சை இலையோ குறைவு. சிறிது சாணகம் கரைத்து ஊற்றிப் புரட்டிவிடலாம். மீன் கழிவு, இறைச்சி, எண்ணெய்க் கறி சேர்க்க வேண்டாம். நாயும் எலியும் குவியலைக் கிளறிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் சுமார் மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுப்பாகக் கிடைக்கும்.

முன்னர் எங்கள் வேலியே பசளைக்கூடமாக இருந்தது. பூவரசின் குழையும், வேலி மாற்றும்போது கழற்றிய பழைய கிடுகும் பனையோலையும் தோட்டத்துக்குள் தாழ்க்கப்பட்டன. 1990களின் பொருளாதாரத் தடையில் யூரியா வடக்குக்கு வராதபோது பலரைக் காப்பாற்றியது இந்தப் பழக்கம்தான். இடப்பெயர்வுகளுக்குப் பிறகு வேலி தகரமாகவும் மதிலாகவும் மாறிவிட்டது. 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது சேதனப் பசளைக்கு அலைய வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. மதிலோரம் நாலைந்து கிளிசிரியாத் தடிகளை மாரித் தொடக்கத்தில் ஊன்றிவிடுங்கள். அடுத்த ஆண்டே குழை வெட்டலாம்.

இடம் இல்லாதவர்களுக்கு உரப்பை போதும். பக்கங்களில் அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் துளையிட்டு, மேல்மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். ஒரு பைக்கு ஒரு மிளகாயோ கத்தரியோ. இரண்டு மூன்று கன்று வைத்தால் மூன்றும் மெலியும். ஆறு மணித்தியால வெயில் கிடைக்காத இடத்தில் காய்க்கும் பயிரை வைத்து ஏமாற வேண்டாம். அங்கே வல்லாரை, பொன்னாங்காணி வரும். பை வேகமாகக் காயும் என்பதால் மேல்மண்ணைச் சருகால் மூடி, காலையில் நீர் விடுங்கள்.

மண் எடுக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. முகமாலை போன்ற, கண்ணிவெடிகள் செறிந்திருந்த பகுதிகளை நாம் அறிவோம். ஆனால் நீண்ட காலம் ஆட்களில்லாமல் கிடந்த காணிகளிலும் வெடிக்காத பொருட்கள் வெளிப்படுகின்றன. பற்றைக்காணியிலோ பழைய பதுங்குகுழி மேட்டிலோ மண் வெட்ட வேண்டாம். சிறுவர்களை மண் எடுக்க அனுப்பவே வேண்டாம். சந்தேகமான உலோகம் தென்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். குப்பை எரிப்பதற்கும் இது பொருந்தும்: நெருப்பின் சூடு நிலத்துக்குள் கிடப்பதை வெடிக்க வைக்கலாம்.

அடுத்தது மஞ்சள் இலை. அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு; எருப் போடலாம். குருத்திலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மண்ணிலும் கிணற்று நீரிலும் இது சாதாரணம். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மையால் வேர் எடுக்க முடிவதில்லை. இங்கேதான் நாங்கள் தவறு விடுகிறோம்: அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிறோம். சாம்பல் காரத்தை மேலும் கூட்டும். கூட்டெருவும், பிடித்து வைத்த மழைநீரும் உதவும்.

கரையோரத்தில் பிரச்சினை உப்பு. மண்மேல் வெள்ளைப் படிவும் இலை நுனிக் கருகலும் அதன் அடையாளம். போஞ்சி அங்கே தாக்குப்பிடிக்காது, பீற்றூட் தாக்குப்பிடிக்கும். சிறிது சிறிதாகத் தெளித்தால் உப்பு மேலேயே தங்கும். இடைவெளி விட்டு, நன்றாக ஊறும்படி விடுவது நல்லது.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் ஆனி, ஆடியில் பொறுக்கிக் காயவைத்த வேப்பம் விதை பயன்படும். 50 கிராம் இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு ஊறவிட்டு, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் இலையின் அடிப்புறத்தில் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை தேவைப்படும். இலை மிகச் சிறுத்து, மஞ்சளோடி, செடி வளராமல் நின்றால் அது வெண் ஈ பரப்பும் வைரசாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. பிடுங்கி அகற்றினால்தான் பக்கத்துச் செடி தப்பும். காய்க்கத் தொடங்கிய செடியைப் பிடுங்க மனம் வராது. என் அம்மா இன்னும் ஒன்றை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

குளிக்கும் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரைக்கு விட வேண்டாம். விதை பற்றிக் கேட்பவர்களுக்கு: கலப்பின விதையில் காய்த்த பழத்திலிருந்து விதை எடுத்தால் தாயைப் போன்ற கன்று வராது. நாட்டு வகையில் நோயில்லாத செடியின் பழத்தைப் பழுக்கவிட்டு, விதையை நிழலில் உலர்த்தி, ஈரமில்லாத போத்தலில் மூடி வையுங்கள். செடி நோய் எதுவென்று பிடிபடாவிட்டால், ஓர் இலையைப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம்.