திருநல்லத்துக் கற்றளியும் அதன் கல்வெட்டுகளும்

கும்பகோணம் – காரைக்கால் சாலையில் எஸ். புதூருக்கு அருகே உள்ள கோனேரிராஜபுரம், அப்பரும் சம்பந்தரும் பாடிப் பரவிய திருநல்லம். உமாமகேசுவரர் எழுந்தருளியுள்ள இத்தலம், மிகப் பெரிய நடராசர் செப்புத் திருமேனியால் புகழ்பெற்றது. அப்பெருமானைத் தரிசிக்க வரும் அன்பர்கள் கருவறையின் தென்சுவரையும் நின்று பார்க்க வேண்டும். கல்லால் ஆன இக்கற்றளி எழுந்த வரலாறு அங்கே கல்லில் உள்ளது.

தில்லைக்குத் திருவிசைப்பா பாடிய கண்டராதித்த சோழர் 957ஆம் ஆண்டளவில் சிவபதம் எய்தியபோது, மகன் உத்தம சோழர் சிறுபிள்ளை. அரசுரிமை தம்பி அரிஞ்சயர் வழிக்குச் சென்றது. கண்டராதித்தரின் தேவியார் செம்பியன் மாதேவியார் சிவத்தொண்டையே வாழ்வாகக் கொண்டார். ஆடுதுறை, குத்தாலம், திருக்கோடிகாவல் எனக் காவிரிக் கரையெங்கும் அவரால் கற்றளிகள் எழுந்தன. மகன் ஆட்சியில் (970–985) திருநல்லமும் கற்றளியானது.

தென்சுவரில் சிறியதொரு புடைப்புச் சிற்பம்: சிவலிங்கத்தை ஒருவர் வழிபடுகிறார். அவர் யாரென்பதைக் கீழேயுள்ள கல்வெட்டு சொல்கிறது. உத்தம சோழரைப் பெற்ற மாதேவியார் தம் கணவர் கண்டராதித்தர் திருநாமத்தால் இக்கற்றளியை எழுந்தருளுவித்தார் என்றும், இது திருநல்லமுடையாரை வழிபடும் கண்டராதித்தரின் உருவம் என்றும் அது தெரிவிக்கிறது. கணவருக்கு அந்த அம்மையார் தேடிய இடம் இறைவனின் திருவடி.

மற்றொரு சிற்பம் ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனுடையது. தேவியாரின் ஆணைப்படி கோயிலை எடுப்பித்து, இராசகேசரி மூவேந்தவேளான் என்ற பட்டம் பெற்றவர். அரசரின் உருவம் செதுக்கிய சுவரில் பணியை முன்னின்று முடித்தவருக்கும் உருவமும் பெயரும் தந்திருக்கிறார்கள். கல்வெட்டு இல்லையேல் இருவரும் நமக்குப் பெயரறியா அடியார்களாகவே இருந்திருப்பர்.

பழைய எழுத்தின் அருமையையும் மாதேவியார் அறிந்திருந்தார். திருக்கோடிகாவலில் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது, அங்கிருந்த முந்தைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டச் செய்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் காட்டிய நெறி இன்றைய திருப்பணிக் குழுக்களுக்கும் உரியது. சுவர்களில் வண்ணம் பூசுவதும் மணல் வீசிச் சுத்தம் செய்வதும் எழுத்துகளை அழித்துவிடும். கல்லில் கைவைக்கும் முன் கல்வெட்டறிஞரை அழைத்து மைப்படி எடுத்து வைப்போம். குடமுழுக்குத் திருப்பணியின் முதல் வேலை அதுவாகட்டும்.