பைன் காடுகளை அழிக்கும் வண்டு

நெல்மணியிலும் சிறியது அந்த வண்டு. ஆனால் நூறடி உயரப் பைன் மரத்தையே அது சாகடித்து விடும். இவ்வண்டுடன் மனிதன் நூறாண்டுகளுக்கும் மேலாகப் போராடி வருகிறான்.

மரத்தை இது எவ்வாறு கொல்கிறது? இலைகள் தயாரிக்கும் உணவைக் கீழே கொண்டு செல்லும் உட்பட்டையைக் குடைந்து, பெண் வண்டு முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்கள் உட்பட்டையைத் தின்று வளர்கின்றன. வண்டுடன் வரும் ஒருவகைப் பூசணம் கட்டையில் பரவி, நீர் ஏறும் வழியை அடைக்கிறது. மரமும் வாளா இருப்பதில்லை. பிசினைச் சுரந்து வண்டை வெளியே தள்ளுகிறது. ஒன்றிரண்டு வண்டுகள் வந்தால் மரம் வெல்லும். நூற்றுக்கணக்கில் வந்தால் தோற்கும்.

1890-ஐ ஒட்டி, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பைன் மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின. அங்கு ஆராய்ந்த ஆண்ட்ரு ஹாப்கின்ஸ் என்ற அறிஞர், வண்டுக்கு இயற்கைப் பகைவனைத் தேடி 1892-இல் ஜெர்மனி சென்றார். பட்டை வண்டுகளைப் பிடித்துத் தின்னும் மற்றொரு வண்டினத்தை அங்கிருந்து கொண்டுவந்து காடுகளில் விட்டார்.

பைன் வண்டுகள் ஒழிந்தன. வெற்றி என்று கொண்டாடலாமா? கூடாது! 1892-93 குளிர்காலத்தில் வந்த கடுங்குளிரே அவற்றைக் கொன்றது. ஜெர்மானிய வண்டுகளும் அங்கு நிலைபெறவில்லை. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகி விடாது என்பதற்கு இது நல்ல சான்று.

பின்னர் ஹாப்கின்ஸ் வேறு வழியை வற்புறுத்தினார். வண்டு புகுந்த மரங்களை வெட்டி, பட்டையை உரித்து எரிக்க வேண்டும். அவற்றில் பெரும்பகுதியை அகற்றினாலே போதும், எஞ்சிய வண்டுகளை மரங்களே சமாளித்துக் கொள்ளும் என்றார். 1910-11-இல் ஆரிகன் மாநிலத்தில் இம்முறை பெரிய அளவில் கையாளப்பட்டது. பிற்காலத்தில் நச்சு மருந்துகளும் தெளிக்கப்பட்டன. செலவு மிகுந்தது, ஆனால் வண்டுகள் மீண்டும் மீண்டும் தலைதூக்கின.

வண்டுகள் ஒரே மரத்தில் எப்படித் திரள்கின்றன? 1966-இல் சில்வர்ஸ்டீன், ரோடின், உட் ஆகிய மூவர் இதற்கு விடை கண்டனர். கலிபோர்னியாவில் வாழும் ஒரு பட்டை வண்டினத்தில், மரத்தைக் குடையும் ஆண் வண்டு மூன்று மணப்பொருள்களை வெளியிட்டு மற்றவற்றை அழைக்கிறது. இத்தகைய மணங்களைப் பொறியில் வைத்து வண்டுகளைக் கவரலாம். ‘இங்கு இடமில்லை’ என அறிவிக்கும் வெர்பினோன் என்ற பொருளைக் கொண்டு அவற்றை விலக்கவும் முயல்கின்றனர். எனினும், பெருந்தாக்குதலை இவற்றால் மட்டும் நிறுத்த முடிவதில்லை.

1990-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கிய தாக்குதல் இதை மெய்ப்பித்தது. அங்கு சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காடு பாதிக்கப்பட்டது. பல ஆண்டுகளாகக் காட்டுத்தீயை அடக்கி வந்ததால் முதிர்ந்த பைன் மரங்கள் அடர்ந்து நின்றன. புழுக்களைக் கொல்லும் கடுங்குளிரும் குறைந்து போயிற்று. அன்று மேற்கு வர்ஜீனியாவுக்குக் கிடைத்த குளிரின் துணை, இங்கே கிட்டவில்லை.

ஆகவே, வண்டு வந்தபின் விரட்டுவதைவிட வருமுன் காப்பதே மேல் என்கின்றனர் வனவியலார். நெருக்கமான மரங்களைக் களைந்தால், எஞ்சியவை நீரும் ஒளியும் நிறையப் பெற்றுப் பிசினை மிகுதியாகச் சுரக்கும். வண்டை எதிர்க்க மரத்திடமே உள்ள படைக்கலம் அதுதான்.