திறமூல சிஸ்டம், நெட்வொர்க் நிர்வாகப் பாடவரிசை

லினக்ஸ் முதலான திறமூல மென்பொருள்களைக் கொண்டு சர்வர்களையும் நெட்வொர்க்கையும் நிர்வகிக்கக் கற்றுத்தரும் பாடங்களை, முன்னது பின்னதற்குத் துணையாகும்படி அடுக்குவதே இப்பாடவரிசைத் திட்டம். எந்த மென்பொருளைச் சேர்ப்பது என்பதைவிட, எது எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதே இதில் முதன்மையான முடிவு.

பின்னணி

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டமும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலும் இத்துறையின் அடித்தளம். நெடுங்காலம் நிர்வாகிகள் வேலையில் சேர்ந்த பிறகே தொழிலைக் கற்றனர். 1989இல் ஈவி நெமெத்தும் உடன் ஆசிரியர்களும் வெளியிட்ட யூனிக்ஸ் நிர்வாகக் கையேடு அந்த அனுபவ அறிவை நூலாக்கியது. 1999இல் கனடாவில் தொடங்கப்பட்ட லினக்ஸ் புரொஃபெஷனல் இன்ஸ்டிடியூட் (எல்பிஐ), எந்த ஒரு நிறுவனத்தின் லினக்ஸையும் சாராத படிநிலைத் தேர்வுகளை வகுத்தது. இந்தியாவில் சி-டாக் சென்னை மையம் டெபியனை அடியொற்றி ‘பாஸ்’ லினக்ஸை உருவாக்கியது.

முன்தேவைகள்

பாடங்களுக்கிடையே உள்ள சார்பை எஸ்எஸ்எச் சாவி வழி உள்நுழைவில் தெளிவாகக் காணலாம். மாணவர் சாவியைச் சரியாகவே பதிந்திருப்பார். ஆனால் அவருடைய ஹோம் டைரக்டரியில் பிறரும் எழுதலாம் என்று அனுமதி இருந்தால், ஓப்பன்எஸ்எஸ்எச் இயல்பு அமைப்பில் அந்தச் சாவியை ஏற்காது. திரையில் கடவுச்சொல் கேட்கும். காரணம் சர்வரின் லாகில் மட்டுமே பதிவாகும். கோப்பு அனுமதியும் லாக் படிக்கும் பழக்கமும் முன்பே கைவந்தவருக்கு இது சில நிமிட வேலை. மற்றவர்கள் சாவியைத் திரும்பத் திரும்ப உருவாக்கிக்கொண்டிருப்பார்கள்.

மெயில் சர்வரும் அப்படித்தான். அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதை டிஎன்எஸ்ஸின் எம்எக்ஸ் பதிவே சொல்கிறது. போலி அஞ்சலைத் தடுக்கும் எஸ்பிஎஃப், டிகிம் விவரங்களும் அங்கேயே இருக்கின்றன. எனவே டிஎன்எஸ் முடிந்த பிறகே மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் வர வேண்டும்.

பாட அடுக்கு

முதல் நிலையில் கட்டளை வரி, கோப்பு அனுமதி, பயனர் கணக்குகள், பேக்கேஜ் நிறுவல், சிஸ்டம்டி, லாக், ஷெல் ஸ்கிரிப்ட் ஆகியவை இடம்பெறும். இரண்டாம் நிலை நெட்வொர்க்குக்கு உரியது: ஐபி முகவரி, சப்நெட், ரூட்டிங், டிஎச்சிபி, வயர்ஷார்க் கொண்டு பாக்கெட்டுகளைப் பார்த்தல். மூன்றாம் நிலையில் டிஎன்எஸ், வெப் சர்வர், அஞ்சல், சம்பா, தரவுத்தளம், பேக்கப் ஆகிய சேவைகள் வரும். நான்காம் நிலை மெய்நிகராக்கம், கன்டெய்னர், கண்காணிப்பு, அன்சிபிள் வழித் தானியக்கம் ஆகியவற்றுக்கானது. கையால் ஒருமுறை செய்து அறியாத வேலையைத் தானியக்கமாக்கினால், பிழை நூறு சர்வர்களுக்கும் ஒரே நேரத்தில் பரவும். தானியக்கம் கடைசியில் நிற்பது அதனால்தான். பாதுகாப்பைத் தனிப் பாடமாக இறுதிக்குத் தள்ளாமல் ஒவ்வொரு நிலையிலும் கலந்து கற்பிப்பதே பயனளிக்கும்.

ஆய்வகம்

கேவிஎம் அல்லது விர்ச்சுவல்பாக்ஸ் இருந்தால், ஒரே கணினியில் ரூட்டர், சர்வர், கிளையன்ட் என மூன்று மெய்நிகர் இயந்திரங்களை இயக்கலாம். ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு பழுதை உண்டாக்குவார்; மாணவர் அதைக் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும். பேக்கப் பாடமும் நகலெடுப்பதோடு முடிவதில்லை. அழித்த கோப்பை அந்த நகலிலிருந்து மீட்டுக் காட்டும்போதுதான் அது நிறைவடைகிறது.

மதிப்பீடு

எல்பிஐயின் எல்பிஐசி-1, எல்பிஐசி-2 சான்றிதழ்களுக்குத் தலா 2 தேர்வுகள்; ஒவ்வொன்றிலும் 90 நிமிடங்களில் 60 வினாக்கள். சான்றிதழ் 5 ஆண்டுகள் செல்லும். ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ முற்றிலும் செய்முறைத் தேர்வு. செய்த அமைப்புகள் கணினியை ரீபூட் செய்த பிறகும் நிலைத்திருந்தால்தான் மதிப்பெண். கல்லூரித் தேர்வுகளிலும் இந்த அளவுகோலைக் கடைப்பிடித்தால், கட்டளைகளை மனப்பாடம் செய்தவரையும் சர்வரைப் பொறுப்பேற்று நடத்தக்கூடியவரையும் பிரித்தறிய முடியும்.