ஹார்டுபோர்டும் வெப்பப் பதப்படுத்தலும்: ஒரு வரலாறு

மாணவர்களின் பரீட்சை அட்டை பெரும்பாலும் ஹார்டுபோர்டால் ஆனது. அதன் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் கம்பிவலைத் தடத்துடனும் இருக்கும். ஈர மரநாரை அழுத்தும்போது நீரும் ஆவியும் வெளியேறுவதற்காக அடியில் வைக்கும் வலையின் தடம் அது. இப்பலகை தோன்றவும் உறுதி பெறவும் வெப்பமே காரணம்.

தோற்றம்

தாமஸ் எடிசனிடம் பணியாற்றிய வில்லியம் மேசன், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து லாரல் நகரில், மர அறுவை ஆலைகளின் கழிவைப் பயன்படுத்த வழி தேடினார். மரச்சில்லுகளை உயர் அழுத்த நீராவியில் சில நொடிகள் வைத்து, அழுத்தத்தைத் திடீரென விடுவித்தார். சில்லுகள் வெடித்து நாராயின. அந்நாரைக் கொண்டு, வெப்பம் கடத்தாத மென்பலகை செய்வதே அவரது நோக்கம். 1924இல் ஈர நாரை அழுத்தப்பொறியில் விட்டுவிட்டு மதிய உணவுக்குச் சென்றார் என்றும், பழுதான வால்வு வழியே நீராவி கசிந்ததால் அது கெட்டியான பலகையாக மாறியிருந்தது என்றும் கூறுவர். வெப்பத்தில் இளகிய லிக்னின் என்னும் பொருள் நார்களை ஒட்டியதால் தனிப் பசை தேவைப்படவில்லை. 1925இல் தொடங்கிய அவரது நிறுவனம் 1928இல் மேசனைட் என்று பெயர் மாறியது.

வெப்பம் செய்யும் மாற்றம்

மரநாரிலுள்ள ஹெமிசெல்லுலோஸ் எளிதில் நீரை ஈர்க்கும். அதனால்தான் மரப்பலகை ஈரத்தில் உப்புகிறது. அழுத்தி எடுத்த ஹார்டுபோர்டை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால் ஹெமிசெல்லுலோஸ் ஓரளவு சிதைகிறது. நார்களின் பிணைப்பும் வலுக்கிறது. நீர் உறிஞ்சுவதும் உப்புவதும் குறைந்து, வளைவு வலிமை கூடுகிறது. உலரும் எண்ணெய் ஊட்டிச் சூடாக்கினால் மேற்பரப்பு மேலும் கெட்டியாகும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. வெப்பம் மிஞ்சினால் பலகை நொறுங்கும் தன்மை அடையும், தீப்பற்றவும் கூடும். சூளையிலிருந்து வரும் பலகையில் ஈரம் அறவே இராது. அப்படியே பொருத்தினால் காற்றின் ஈரத்தை ஏற்று வளையும். ஆகவே ஈரப்பதமூட்டிய பின்னரே விற்பனைக்கு அனுப்புவர்.

மரத்தில் சோதனை

அமெரிக்காவின் மேடிசன் நகர வனப்பொருள் ஆய்வகத்தில் ஆல்பிரட் ஸ்டாம் குழுவினர், காற்றுப் படாதபடி உருகிய உலோகத்தின் அடியில் மரத்தைச் சூடாக்கினர். 1946இல் வெளியான முடிவின்படி, உப்புவது குறைந்தது. ஆனால் வலிமையும் குறைந்தது. பிற்காலத்தில், 1990களில், பின்லாந்தில் நீராவிச் சூழலில் மரத்தைப் பதப்படுத்தும் முறை தொழிலாக வளர்ந்தது.

படிப்பினை

வெப்பம் ஈர ஈர்ப்பைக் குறைக்குமே தவிர அறவே போக்காது. வீட்டு வெளிச்சுவரில் பதித்த ஹார்டுபோர்டு மழையில் உப்பி உளுத்ததாக அமெரிக்க வீட்டு உரிமையாளர்கள் 1990களில் மேசனைட் மீது வழக்குத் தொடுத்தனர். அது இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. பலகையை எங்கே பொருத்துகிறோம், அதன் ஓரங்களை எப்படி மூடுகிறோம் என்பதையும் பொறுத்தே அதன் ஆயுள் அமையும்.